துருசைப் பூட்டினால் தீ அணையுமா?

மத நிந்தனையும் சமூக ஊடகத் தடையும்: குழுக் கல்விக்கான ஒரு பாடம்



கைத்தொலைபேசி இல்லாத வீடு இன்று எம்மிடையே குறைவு. சொந்தக் காணியை இழந்து உறவினர் வளவிலும் வாடகை வீட்டிலும் வாழும் குடும்பங்களிடமும் ஒரு கைத்தொலைபேசி இருக்கிறது. கனடாவிலும் பிரான்சிலும் வாழும் பிள்ளைகளின் முகத்தை அதிலேதான் காண்கிறோம். தம்புள்ளைச் சந்தையில் வெங்காயம் என்ன விலை போகிறது என்பதையும் அதிலேதான் விசாரிக்கிறோம். அதே கருவி வழியாகத்தான் ஒரு சமயத்தை இழிவுபடுத்தும் படமும், ஓர் இனத்தின்மீது பழி சுமத்தும் வதந்தியும் எமது கைக்கு வந்து சேருகின்றன. அவ்வாறு வரும்போது, அரசு சில வேளைகளில் பேஸ்புக், வட்ஸ்அப், யூடியூப் போன்றவற்றை நாடு முழுவதற்கும் மூடிவிடுகிறது.

இந்தத் தடை நியாயமானதா? அதனால் பயன் உண்டா? அவ்வேளையில் எமது கடமை என்ன? இம்மூன்று வினாக்களையும் நாம் வழக்கமாகக் கைக்கொள்ளும் முறையிலேயே, அதாவது பார்ப்போம், ஆராய்வோம், செயற்படுவோம் என்ற ஒழுங்கில் கற்போம்.

1. பார்ப்போம்

பாகிஸ்தானின் அனுபவம்

2010ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சிச் சித்திரத் தொடர் நபிகள் நாயகம் பற்றிய காட்சியைச் சேர்த்தது. அதைத் தயாரித்தவர்களுக்கு மிரட்டல் வந்தது. மிரட்டலை எதிர்ப்பதாகக் கூறிய சிலர், அவ்வாண்டு மே 20ஆம் திகதி எல்லோரும் நபிகளின் உருவத்தை வரைய வேண்டும் என்று பேஸ்புக்கில் அழைப்பு விடுத்தனர். நபிகளின் உருவத்தை வரைவதையே பெரும்பாலான முஸ்லிம்கள் ஏற்பதில்லை. அவரை இகழ்ந்து வரைவது அவர்களுக்கு எவ்வளவு வேதனை தந்திருக்கும் என்பதை நாம் உணர வேண்டும்.

மே 19ஆம் திகதி லாகூர் உயர் நீதிமன்றம், சட்டத்தரணிகள் அமைப்பு ஒன்று தாக்கல் செய்த மனுவின் பேரில், மே 31 வரை பேஸ்புக் முழுவதையும் தடை செய்யும்படி உத்தரவிட்டது. மறுநாள் யூடியூப்பும் மூடப்பட்டது. அந்தக் குறிப்பிட்ட பக்கம் பாகிஸ்தானில் தெரியாதவாறு செய்யப்பட்ட பின்னர், மே 31 அன்று பேஸ்புக் திறக்கப்பட்டது.

2012 செப்டெம்பரில் இன்னொரு திரைப்படத் துண்டு வெளிவந்தது. அதுவும் நபிகளை இழிவுபடுத்துவதாக இருந்தது. செப்டெம்பர் 17 அன்று பாகிஸ்தான் அரசு யூடியூப்பை மூடியது. அது மீண்டும் திறக்கப்பட்டது 2016 சனவரியில்தான். மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அந்நாட்டு மாணவர்களும் ஆசிரியர்களும் அதிலிருந்த பாடங்களைக் காண வழியின்றி இருந்தனர்.

தடை நீடித்த அக்காலத்தில் மத நிந்தனையின் பெயரால் நடந்த வன்முறை குறைந்ததா? 2013 மார்ச் 9 அன்று லாகூரில் யோசேப் காலனி என்ற கிறிஸ்தவக் குடியிருப்பில் நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. இரண்டு நண்பர்களுக்கிடையே எழுந்த வாய்த்தர்க்கத்திலிருந்து பிறந்த குற்றச்சாட்டே அதற்குக் காரணமாயிற்று. 2014 நவம்பர் 4 அன்று பஞ்சாப் மாகாணத்தின் கோட் ராதா கிஷன் பகுதியில், செங்கற்சூளையில் வேலை செய்த ஏழைக் கிறிஸ்தவத் தம்பதியர் புனித குர்ஆனை அவமதித்தார்கள் என்ற குற்றச்சாட்டின் பேரில் கூட்டத்தினரால் கொல்லப்பட்டனர். ஒலிபெருக்கி அறிவிப்பே கூட்டத்தைத் திரட்டியதாகச் செய்திகள் கூறின. இவ்விரு சம்பவங்களும் நடந்தபோது யூடியூப் பூட்டியே இருந்தது.

வங்காளதேசத்தின் அனுபவம்

வங்காளதேசமும் 2010 மே 29இல் பேஸ்புக்கை ஒரு வாரம் வரை மூடியது. 2012 செப்டெம்பர் 17இல் யூடியூப்பை மூடியது. அதன்பின் பன்னிரண்டாம் நாள், செப்டெம்பர் 29 இரவு, கொக்ஸ் பசார் மாவட்டத்தின் ராமு என்ற ஊரில் சிறுபான்மைப் பௌத்தர்களின் விகாரைகளும் வீடுகளும் தீக்கிரையாயின. பௌத்த இளைஞர் ஒருவரின் பேஸ்புக் பக்கத்தில் குர்ஆனை அவமதிக்கும் படம் காணப்பட்டதே காரணம். அப்படத்தை அவர் தாமாகப் போடவில்லை, பிறர் அவருடைய பெயருடன் இணைத்துவிட்டனர் என்ற செய்தி பின்னர் வந்தது. அதற்குள் பழமையான விகாரைகள் சாம்பலாகிவிட்டன.

எமது நாட்டின் அனுபவம்

மற்ற நாட்டவரை மட்டும் பார்த்துப் பேசுவது நேர்மையாகாது. 1883 மார்ச் 25, உயிர்ப்பு ஞாயிறன்று, கொழும்பு கொட்டாஞ்சேனையில் சென்ற பௌத்த ஊர்வலம் ஒன்றைக் கத்தோலிக்கர் தாக்கினர். எமது சமயத்தை இழிவுபடுத்தும் உருவங்கள் ஊர்வலத்தில் கொண்டுவரப்படுகின்றன என்ற வதந்தி அதற்கு முன் பரவியிருந்தது. அன்று பேஸ்புக் இல்லை. வதந்திக்கு வாயும் கோவில் மணியுமே போதுமாயிருந்தன.

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் கறிக்குள் மாக்கட்டி ஒன்று கிடந்தது. அது சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்று சிலர் சத்தமிட்டனர். சிங்களம் சரிவரத் தெரியாத கடைக்காரர், கேட்ட கேள்வி விளங்காமல் ஆமென்று சொல்லிவிட்டார். அது கைத்தொலைபேசியில் படமாக்கப்பட்டுப் பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மா என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் உறுதிப்படுத்தினார். மொழி விளங்காமல் பொலிஸ் நிலையங்களிலும் சோதனைச் சாவடிகளிலும் தலையாட்டிய அனுபவமுள்ள எமக்கு, அந்த மனிதரின் நிலையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அடுத்த வாரம், தெல்தெனியப் பகுதியில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து, மார்ச் 5ஆம் திகதி திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மார்ச் 6இல் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. மார்ச் 7இல் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் முதலியவை மூடப்பட்டன. ஒரு வாரத்தின் பின்னர் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டு, பேஸ்புக் மார்ச் 15இல் திறந்தது.

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று, கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆகிய இடங்களின் ஆலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றே சமூக ஊடகங்கள் மூடப்பட்டு, ஏப்ரல் 30 வரை தடை நீடித்தது. உறவினர் உயிருடன் இருக்கிறாரா என்று தேடியவர்களுக்கும் அந்த வழி அடைபட்டது.

மே 12ஆம் திகதி சிலாபத்தில் ஒரு முஸ்லிம் வியாபாரி பேஸ்புக்கில் எழுதிய சிறு ஆங்கில வாசகம் ஒன்று, 'மிகுதியாகச் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய்' என்ற பொருள்பட இருந்தது. அது கிறிஸ்தவர்களுக்கு விடுத்த மிரட்டல் என்று எடுக்கப்பட்டது. கலகம் தொடங்கியது. மே 13 காலை சமூக ஊடகங்கள் மீண்டும் மூடப்பட்டன. ஆனால் மினுவாங்கொடையில் கடைகள் எரிக்கப்பட்டது அன்று மாலையில்தான். புத்தளம் மாவட்டத்தில் ஒரு முஸ்லிம் மனிதர் வெட்டிக் கொல்லப்பட்டதும் அன்றைய தினமே. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல வந்து குடியிருந்த மாவட்டம் அது. ஒருமுறை இடம்பெயர்ந்தவர்களின் வாசலுக்கே அச்சம் இரண்டாம் முறையாக வந்தது.

இன்னொரு செய்தியையும் மறக்கலாகாது. பாகிஸ்தானில் மத நிந்தனைச் சட்டத்திற்கும் கும்பல்களுக்கும் அஞ்சி ஓடிவந்த அகமதியரும் கிறிஸ்தவரும் நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் வாழ்ந்தனர். குண்டுவெடிப்பின் பின்னர், பாகிஸ்தானியர் என்ற ஒரே காரணத்திற்காக அவர்களும், அவர்களோடு ஆப்கானியரும், சுமார் ஆயிரம் பேர், வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டுப் பள்ளிவாசல்களிலும் பொலிஸ் நிலைய வளவிலும் தஞ்சமடைந்தனர். வதந்திக்குத் தப்பி வந்தவர்களை இன்னொரு நாட்டின் வதந்தி துரத்தியது.

2. ஆராய்வோம்

(அ) அரசின் பக்கத்து நியாயம்

கூரையில் தீப்பிடித்தபின் ஆலோசனை செய்ய நேரமில்லை. 2018இல் கும்பலைத் திரட்டவும், எந்தக் கடைக்குப் போவது என்று செய்தி கொடுக்கவும் இவ்வூடகங்கள் பயன்பட்டன. வெறுப்புப் பதிவுகளைப் பற்றி முறையிட்டபோது நிறுவனம் உரிய வேகத்தில் செயற்படவில்லை. சிங்களத்தை வாசித்து விளங்கிக்கொள்ளக்கூடிய பரிசீலகர்கள் அதனிடம் போதியளவு இருக்கவில்லை. 2018இல் தனது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டு மனித அவலத்துக்கு வழி விட்டதற்காக பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. ஆகவே, உயிரைக் காக்கச் சில மணி நேரம் வழியை அடைத்தோம் என்று ஓர் அரசு கூறினால், அதை முற்றாகத் தள்ளிவிட முடியாது.

(ஆ) ஒரு பக்கத்திற்காக முழுத் தளத்தையும் ஏன் மூடுகிறார்கள்?

எமக்குத் தெரிந்த உவமையால் விளக்குவோம். குளத்திலிருந்து துருசு வழியாகத் தண்ணீர் வாய்க்காலுக்கு வருகிறது. ஒவ்வொரு வயலுக்கும் ஒரு கிளை வாய்க்கால் உண்டு. ஒரு வயலில் மட்டும் நஞ்சு கலந்தால், அந்த வயலின் வாய்க்காலை மட்டும் மறிப்பதே நீதி. ஆனால் இன்றைய இணையத்தில் செய்திகள் பூட்டிய பெட்டியில் செல்வன போன்றவை. இணைப்பு வழங்கும் நிறுவனத்திற்குப் பெட்டி பேஸ்புக்கிற்குப் போகிறது என்பது தெரியும். பெட்டிக்குள் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது தெரியாது. குறிப்பிட்ட பக்கத்தை நீக்கும் ஆற்றல் தளத்தின் சொந்தக்காரரிடமே உண்டு. அவர் மறுத்தால் அல்லது தாமதித்தால், அரசின் கையில் எஞ்சியிருப்பது துருசைப் பூட்டுவது ஒன்றே. அப்போது எல்லா வயலும் காயும்.

(இ) யார் பாதிக்கப்படுகிறார்கள்?

விபரம் அறிந்தவர்கள் வி.பி.என். எனப்படும் செயலியைக் கொண்டு வேறு நாட்டு வழியாகச் சுற்றிச் சென்று ஊடகத்தைப் பார்க்கிறார்கள். கலகம் செய்யத் துணிந்தவன் அதைக் கற்றுக்கொள்ளாமல் இருப்பானா? அதை அறியாத முதியவர்களும் ஏழைகளுமே வெளியே நிற்கிறார்கள். மேலும், பொய் சென்ற வழியாகத்தான் அதற்கு மறுப்பும் செல்ல வேண்டும். அந்த வழி அடைபட்டால், முன்பே பரவிய பொய் மறுப்பின்றி நிலைத்துவிடும்.

இதற்கு எமது வாழ்வே சாட்சி. 1990களில் வடக்கில் பொருளாதாரத் தடை இருந்தபோது பற்றரி கிடைக்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். செய்தி குறைந்த அக்காலத்தில் வதந்தி குறைந்ததா? 'இன்றிரவு ஆமி வருகிறது' என்ற ஒரு சொல்லுக்கு எத்தனை குடும்பங்கள் அடுப்பில் வைத்த சோற்றையும் விட்டு ஓடின! செய்திக்குப் பஞ்சம் வந்தால் வதந்திக்கு விளைச்சல்.

(ஈ) கையில் எடுத்த பூட்டு எங்கெல்லாம் போகும்?

மத நல்லிணக்கத்தின் பெயரால் பழகிய கருவி பின்னர் வேறு காரியத்திற்கும் உதவுகிறது. 2022 ஏப்ரல் 3 அன்று, எரிபொருளும் மின்சாரமும் இன்றி மக்கள் வீதிக்கு இறங்கிய வேளையில், ஊரடங்கோடு சமூக ஊடகங்களும் மூடப்பட்டன. அன்று மதக் கலவரம் எதுவும் இருக்கவில்லை. மக்கள் ஆட்சியாளரை எதிர்த்துப் பேசினார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு தலையிட்டது. அன்று மாலைக்குள் தடை நீங்கியது.

(உ) சட்டம் என்ன சொல்கிறது?

எமது அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தைத் தருகிறது. இன, மத ஒற்றுமையின் நலனுக்காகச் சட்டத்தின் மூலம் அதை மட்டுப்படுத்தலாம் என்று 15ஆம் உறுப்புரை கூறுகிறது. சமயப் பகைமையைப் பரப்பிப் பாகுபாட்டையோ வன்முறையையோ தூண்டுவது, குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டப்படி பத்து ஆண்டுகள் வரை கடூழியச் சிறைக்குரிய குற்றம். அதற்குப் பிணை வழங்கும் அதிகாரம் நீதவானுக்கு இல்லை. விதிவிலக்கான சந்தர்ப்பங்களில் மேல் நீதிமன்றமே வழங்கலாம். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது.

இச்சட்டங்கள் நடைமுறையில் யார்மீது பாய்ந்தன என்பதைக் கவனியுங்கள். 2019இல் ஒரு சிங்கள எழுத்தாளர் பேஸ்புக்கில் வெளியிட்ட சிறுகதை பௌத்தத்தை இழிவுபடுத்துகிறது என்ற முறைப்பாட்டில் நான்கு மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். அதே ஆண்டு மே மாதம் கண்டி மாவட்டத்தில் ஒரு முஸ்லிம் பெண், அணிந்திருந்த உடையில் தர்மச்சக்கரம் இருப்பதாகக் கூறிக் கைதுசெய்யப்பட்டார். அது கப்பலின் சுக்கான் சக்கரம் என்று அவர் சொன்னார். அவரது அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது. சிறையில் கழிந்த நாட்கள் திரும்பி வரவில்லை.

(ஊ) மனம் புண்படுவதும் உயிர் ஆபத்தும்

இங்கே ஒரு தெளிவு தேவை. என் சமயத்தை ஒருவர் இகழ்ந்தால் என் மனம் புண்படுகிறது. அது உண்மையான வலி. 'அவர்களின் கடையை எரியுங்கள்' என்று ஒருவர் எழுதினால் அயலவரின் உயிருக்கு ஆபத்து. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால், புண்பட்டேன் என்று உரத்துச் சொல்லக்கூடிய பெரும்பான்மைக்கே சட்டம் கருவியாகும். சிறுபான்மையினர் புண்படும்போது முறைப்பாட்டுப் புத்தகம் திறப்பது அரிது.

2012இல் ஐக்கிய நாடுகள் சபையின் ஏற்பாட்டில் நிபுணர்கள் வகுத்த ரபாத் செயற்திட்டம், ஒரு பேச்சு தண்டனைக்குரிய தூண்டுதலா என்று அறிய ஆறு விடயங்களைப் பார்க்கச் சொல்கிறது: சூழ்நிலை, பேசியவரின் செல்வாக்கு, அவரது நோக்கம், பேச்சின் உள்ளடக்கம், அது எவ்வளவு தூரம் பரவியது, தீங்கு நேரக்கூடிய வாய்ப்பு. ஒரு கடைக்காரரின் அரைகுறை ஆங்கிலத்தையும், ஆயிரக்கணக்கானோர் பின்தொடரும் தலைவரின் அறைகூவலையும் இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். வேறுபாடு உடனே தெரியும்.

ஆகவே எமது முடிவு இது. வன்முறையைத் தூண்டும் பதிவை நீக்குவதும், தூண்டியவர் யாராயினும் சட்டத்தின்முன் நிறுத்துவதும் அரசின் கடமை. எமது மொழிகளைப் படித்தறியும் ஆட்களை வைத்திருப்பது நிறுவனத்தின் கடமை. முழு நாட்டையும் மூடுவது, வேறு வழியே இல்லாத வேளையில், சட்டப்படி, காரணமும் கால எல்லையும் அறிவித்துச் செய்ய வேண்டியது. தீ மூட்டியவனை விட்டுவிட்டுத் துருசை மட்டும் பூட்டினால், அணைக்கத் தேவையான தண்ணீரும் வராமல் போகும்.

3. செயற்படுவோம்

அரசும் நிறுவனமும் திருந்தும்வரை நாம் காத்திருக்க முடியாது. எமது கைக்குள் இருப்பதை நாம் செய்வோம்.

1. கோபமூட்டும் படமோ குரல்பதிவோ வந்தால் அதை உடனே மற்றவருக்கு அனுப்பாதீர்கள். 'பாருங்கள், எவ்வளவு அநியாயம்' என்று கண்டிப்பதற்காகவும் அனுப்பாதீர்கள். அனுப்பும் ஒவ்வொரு கையும் அதைப் பரப்பும் கையே. சட்டமும் உங்களைப் பரப்பியவராகவே கொள்ளக்கூடும்.

2. நான்கு கேள்விகள் கேளுங்கள்: யார் எடுத்தது? எங்கே? எப்போது? அனுப்பியவர் தாமே கண்டாரா? வேறு நாட்டில், வேறு ஆண்டில் எடுத்த படங்கள் புதுச் செய்தியாக வருவது வழமை.

3. சம்பந்தப்பட்ட ஊரில் அறிந்த ஒருவரை நேரே அழைத்து விசாரியுங்கள். அவர் மற்றச் சமயத்தவராக இருப்பின் இன்னும் நல்லது. இதற்காகவே அமைதியான காலத்தில் அயற்கிராமத்துச் சிங்கள, முஸ்லிம் விவசாயிகளோடு பழக்கம் வைத்திருங்கள். விதைநெல் மாற்றவும் சந்தைக்கு லொறி பிடிக்கவும் ஏற்பட்ட அறிமுகம், ஆபத்து நாளில் ஓர் ஊரைக் காக்கும்.

4. பதற்றம் தெரிந்தால் கோவில் நிர்வாகம், பங்குத்தந்தை, மௌலவி, விகாராதிபதி, கிராம அலுவலர் ஆகியோர் அன்றே கூடிப் பேசும் ஒழுங்கை இப்போதே செய்துகொள்ளுங்கள். செய்தி பொய்யென்று தெரிந்தால் கோவிலிலும் பள்ளிவாசலிலும் ஒலிபெருக்கியில் ஒரே நேரத்தில் அறிவியுங்கள். தீ மூட்டப் பயன்பட்ட கருவியை அணைக்கவும் பயன்படுத்தலாம்.

5. தடைக்கு ஆயத்தமாக இருங்கள். முக்கியமான தொலைபேசி இலக்கங்களைக் கொப்பியில் எழுதி வையுங்கள். வட்ஸ்அப் மூடப்பட்ட நாட்களிலும் சாதாரண அழைப்பும் குறுஞ்செய்தியும் வேலை செய்தன. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வைத்தால், தடை வந்த நாளில் அவர்கள் பதறமாட்டார்கள். வீட்டில் ஒரு சிறு வானொலி இருக்கட்டும்.

6. பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இளைஞன் விளையாட்டாக அழுத்தும் ஒரு விரலுக்காகப் பிணையின்றி மாதக்கணக்கில் சிறையிலிருக்க நேரலாம். எவரேனும் கைதுசெய்யப்பட்டால் காரணத்தைக் கேளுங்கள், விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் ஒப்பமிடாமல் சட்டத்தரணியை நாடுங்கள், சட்ட உதவி ஆணைக்குழுவுக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் அறிவியுங்கள்.

பொய்ச்சாட்சி கூறலாகாது என்பது எமக்குத் தரப்பட்ட கட்டளை. பிழையற்ற பேச்சு புத்தர் போதித்த எண்வகைப் பாதையில் ஒன்று. வரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி குர்ஆன் பணிக்கிறது. வள்ளுவர் புறங்கூறாமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். சமயங்களைக் காப்பதாகச் சொல்லிச் செய்யப்படும் அநியாயத்தை இந்நாட்டின் எந்தச் சமயமும் கேட்கவில்லை.

குழுவில் கலந்துரையாடுவதற்கான வினாக்கள்

1. கடந்த சில மாதங்களில் உங்கள் கைத்தொலைபேசிக்கு வந்த பொய்ச் செய்தி ஒன்றைக் கூறுங்கள். அது பொய்யென்று எவ்வாறு தெரிந்தது?

2. அம்பாறைக் கடைக்காரரின் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அங்கு சாப்பிட வந்த வாடிக்கையாளராக இருந்திருந்தால்?

3. 2018, 2019, 2022ஆம் ஆண்டுகளின் தடைகளை ஒப்பிடுங்கள். எது நியாயம், எது அநியாயம்? ஏன்?

4. இன்றிரவு உங்கள் பகுதியில் ஒரு வதந்தி பரவினால், முதலில் யாருக்குத் தொலைபேசி எடுப்பீர்கள்? அவரது இலக்கம் கொப்பியில் இருக்கிறதா? இல்லையெனில், இக்கூட்டம் கலையுமுன் எழுதிக்கொள்ளுங்கள்.